செவிப்பறை ஏன் கிழிந்தது என்று பதிவேடு சொல்கிறதா?

பழைய மாமல்லபுரம் சாலையிலும் கிண்டியிலும் அம்பத்தூரிலும் அமர்ந்து அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளுக்குக் கோடிங் செய்யும், அதாவது நோயாளிப் பதிவேடுகளைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைக் கொடுக்கும், வாசகர்கள் இந்தப் பகுதிக்குத் தொடர்ந்து எழுதுகிறார்கள். இம்முறை செவிப்பறைக் கிழிசல் பற்றி அவர்களிடமிருந்து வந்த கேள்விகளுடன், தன் காதுக்காகவும் பிள்ளையின் காதுக்காகவும் எழுதியவர்களின் கடிதங்களும் இருந்தன. எல்லாக் கடிதங்களிலும் சிக்கல் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன். செவிப்பறையில் துளை இருக்கிறது என்பதைப் பதிவேடுகள் சொல்லிவிடுகின்றன. அது எதனால் வந்தது, எப்போது வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

கேள்வி: அவசர சிகிச்சைப் பிரிவு சார்ட்டுகளுக்குக் கோடிங் செய்கிறேன். கால்பந்து ஆடும்போது பந்து வேகமாக வந்து வலது காதில் அடித்த ஓர் இளைஞரின் சார்ட் வந்தது. ரத்தக் கசிவு, காது அடைப்பு என்று மருத்துவர் எழுதியிருந்தார். பந்து பட்டதில் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றும் அவரே குறிப்பின் நடுவில் எழுதியிருந்தார். ஆனால் இறுதி நோயறிதல் என்ற இடத்தில் ‘வலது செவிப்பறைத் துளை’ என்று மட்டும் இருந்ததால், அமெரிக்க ஐசிடி-10 நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் அதற்கான எச்72.91 கொடுத்தேன். ஆடிட்டர் பிழை என்று குறித்துவிட்டார். இறுதி வரியில் இருப்பதைத்தானே நான் எடுக்க வேண்டும்?
— வாசகி, பெருங்குடி

பதில்: ஆடிட்டர் குறித்தது சரிதான். மருத்துவர் கையொப்பமிட்ட குறிப்பு முழுவதுமே உங்களுக்கு ஆதாரம். இறுதி வரி அதன் ஒரு பகுதி மட்டுமே. பந்து பட்டதால் கிழிந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவரே எழுதியிருக்கும்போது, அடிபட்டுக் கிழிந்த செவிப்பறைக்கான எஸ்09.2 பிரிவுக்குத்தான் நீங்கள் போயிருக்க வேண்டும். வலது காது, சிகிச்சை நடக்கும் கட்டம் என்பதால் எஸ்09.21எக்ஸ்ஏ என்பதே குறியீடு. எச்72 தலைப்பின் கீழேயே எஸ்09.2 எக்ஸ்க்ளூட்ஸ்1 என்று அச்சாகியிருக்கிறது. அதே கிழிசலுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்க இயலாது. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைக் கொடுப்பதும் பிழை.

இந்தப் பிழை பெரும்பாலும் அகரவரிசை இண்டெக்ஸிலேயே தொடங்கிவிடுகிறது. ‘பெர்ஃபொரேஷன்’ (துளை) என்ற சொல்லைத் தேடிப் போனவர் எச்72.9 என்பதைக் கண்டவுடன் நின்றுவிடுகிறார். ‘ரப்ச்சர்’ (கிழிசல்) என்ற சொல்லின் கீழ் போய்ச் செவிப்பறையைத் தேடினால், ‘ட்ராமாடிக், கரன்ட் எபிசோட்’ (அடிபட்டது, தற்போதைய நிகழ்வு) என்று தனி வரி இருக்கிறது, அது எஸ்09.2-க்கு அனுப்புகிறது. ‘கரன்ட் எபிசோட்’ என்ற நிபந்தனையை நிதானமாகப் படியுங்கள். எச்72 பிரிவு எவற்றை உள்ளடக்கும் என்ற குறிப்பில், அடிபட்ட பிறகு மூடாமல் நிலைத்துவிட்ட துளையும், அழற்சிக்குப் பின் ஏற்பட்ட துளையும் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆகவே, பந்து பட்ட அன்று வந்தால் எஸ்09.21, அதே இளைஞர் பல மாதங்கள் கழித்து, துளை மூடவேயில்லை என்று அறுவைக்கு வந்து, மருத்துவரும் அதை நிலைத்துவிட்ட துளை என்று எழுதினால் எச்72. எத்தனையாவது நாளில் புதிய கிழிசல் நிலைத்த துளையாக மாறுகிறது என்பதற்குப் புத்தகத்தில் கணக்கு எதுவும் கிடையாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். நாட்காட்டியைப் பார்த்து நாம் முடிவு செய்யக் கூடாது.

நிலைத்த துளை என்றானபின் அது எங்கே இருக்கிறது என்ற கேள்வி வரும். சுற்றிலும் செவிப்பறையின் விளிம்பு மிஞ்சியிருக்கும் நடுத்துளைக்கு எச்72.0, மேற்பகுதியான ஆட்டிக்கில் உள்ளதற்கு எச்72.1, விளிம்பைத் தொடும் மற்றத் துளைகளுக்கு எச்72.2, பல துளைகளுக்கு எச்72.81, முழுவதும் போய்விட்டதற்கு எச்72.82. எந்த இடம் என்று எழுதப்படாவிட்டால்தான் எச்72.9. இந்த வேறுபாடு மருத்துவத்திலும் கனமானது. ஆட்டிக் துளையும் விளிம்புத் துளையும் கொலஸ்டியடோமாவோடு (நடுச்செவிக்குள் தோல் சேர்ந்து வளரும் கோளாறு) சேர்ந்து வரக்கூடியவை என்பதால் காது மருத்துவர்கள் அவற்றை நடுத்துளையைப் போல் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை.

காரணம், நோயாளி வந்தவுடன் செவிலியர் எழுதும் ட்ரையேஜ் குறிப்பில் மட்டும் இருந்து, மருத்துவர் அதைப் பற்றி ஒன்றும் எழுதாமலிருந்தால் நிலைமை வேறு. அப்போது நீங்களாக முடிச்சுப் போடக் கூடாது. மருத்துவரிடம் விளக்கம் கேட்டுக் குவெரி அனுப்ப வேண்டும். அந்தக் குவெரியும் விடையை ஊட்டக் கூடாது. ‘அடிபட்டதால் கிழிந்தது என்று எழுதலாமா?’ என்று கேட்பது தவறு. சார்ட்டில் உள்ள தகவல்களை எடுத்துக் காட்டி, அடிபட்டது, தொற்று, நிலைத்த துளை, வேறு காரணம், தீர்மானிக்க இயலவில்லை என்ற தெரிவுகளைத் தந்து கேட்பதுதான் முறை. எந்தக் காது என்பதற்கு மட்டும் விதி சற்றுத் தளர்வானது. மருத்துவர் வலதா இடதா என்று எழுத மறந்திருந்தால், பதிவேட்டில் எழுத அனுமதி பெற்ற மற்ற மருத்துவப் பணியாளரின் குறிப்பிலிருந்து பக்கத்தை எடுத்துக்கொள்ள அதிகாரபூர்வ வழிகாட்டி இடம் தருகிறது. இரண்டு குறிப்புகள் முரண்பட்டால் மறுபடியும் மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

விபத்தின் புறக்காரணக் குறியீடுகளையும் விட்டுவிடாதீர்கள். கால்பந்து அடித்ததற்கு டபிள்யூ21.02எக்ஸ்ஏ, கால்பந்து ஆடிய செயலுக்கு ஒய்93.66. இவற்றைக் கட்டாயமாக்கும் நாடு தழுவிய விதி அமெரிக்காவில் இல்லை. மாநிலமோ காப்பீட்டாளரோ கேட்டால் கட்டாயம். இவை எப்போதும் முதலிடத்தில் வரக் கூடாது.

கேள்வி: பயிற்சியில் இருக்கிறேன். நான்கு வயதுக் குழந்தைக்கு இடது காதில் வலி, காய்ச்சல், பிறகு சீழ். ‘அக்யூட் சப்யூரேடிவ் ஓடைடிஸ் மீடியா (சீழ் வைத்த திடீர் நடுச்செவித் தொற்று), செவிப்பறை தானாக வெடித்துள்ளது’ என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். தொற்றுக்கு ஒன்று, துளைக்கு ஒன்று என இரண்டு குறியீடுகள் கொடுத்தால் சரியா?
— வாசகர், தாம்பரம்

பதில்: ஒன்றே போதும், அது எச்66.012. தொற்றும் கிழிசலும் ஒரே குறியீட்டுக்குள் இருக்கின்றன. எச்72-ஐச் சேர்த்தால் எக்ஸ்க்ளூட்ஸ்1 விதியை மீறியதாகும். திரும்பத் திரும்ப வருவதாக மருத்துவர் எழுதியிருந்தால் எச்66.015. நாள்பட்ட நடுச்செவித் தொற்றில் இது மாறும்: அங்கே தொற்றை முதலில் எழுதி, துளைக்கான எச்72 குறியீட்டை அடுத்ததாகச் சேர்க்க வேண்டும். வீட்டில் யாரோ புகைப்பதாகக் குறிப்பில் இருந்தால் இசட்77.22-ஐயும் சேர்க்கச் சொல்லி எச்66 தலைப்பிலேயே அறிவுறுத்தல் உண்டு. பயிற்சியில் இருப்பவர்கள் கண்ணில் படாமல் விடும் வரி இது.

கேள்வி: காயக் குறியீடுகளின் ஏழாவது எழுத்தில் ‘ஏ’ என்றால் முதல் வருகை, ‘டி’ என்றால் இரண்டாவது வருகை என்று எங்கள் பயிற்சி நிலையத்தில் சொன்னார்கள். வேலையில் சேர்ந்த பிறகு வேறு மாதிரி சொல்கிறார்கள். எது சரி?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: வேலையிடத்தில் சொன்னதுதான் சரி. எத்தனையாவது வருகை என்பதற்கும் அந்த எழுத்துக்கும் தொடர்பில்லை. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு வருகைக்கும் ‘ஏ’. சிகிச்சை முடிந்து, ஆறி வருகிறதா என்று வழக்கமாகப் பார்க்கும் கட்டத்துக்கு ‘டி’. சனிக்கிழமை இரவு அவசரப் பிரிவில் காட்டிய நோயாளி, திங்கட்கிழமை காது மருத்துவரிடம் போகிறார். அந்த மருத்துவர் முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன செய்வது என்று தீர்மானிக்கிறார். மருத்துவர் வேறு, நாள் வேறு. ஆனாலும் எழுத்து ‘ஏ’தான். மூன்று வாரம் கழித்து விளிம்புகள் கூடி வருகின்றனவா என்று மட்டும் பார்க்கும்போது ‘டி’. காயங்களுக்கு இந்தக் கட்டத்தில் இசட் வரிசைப் பின்கவனிப்புக் குறியீடுகளைப் பயன்படுத்துவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

துளை மூடிய பிறகும் காது மந்தமாகவே இருந்து, அது பழைய காயத்தின் விளைவு என்று மருத்துவர் எழுதினால் ‘எஸ்’ வரும். அப்போது இன்றைய பாதிப்பை முதலில் எழுத வேண்டும்: வலது காதில் மட்டும் கடத்தல் வகை (ஒலி உட்செவிக்குச் சரியாகச் சென்று சேராத வகை) கேட்கும் திறன் குறைவு, இடது காது நன்றாக இருக்கிறது என்றால் எச்90.11, அதன் பின் எஸ்09.21எக்ஸ்எஸ். இன்னொன்று, எஸ்09.21ஏ என்று ஒரு குறியீடே கிடையாது. ஏழாவது இடத்துக்கான எழுத்து ஏழாவது இடத்தில்தான் நிற்க வேண்டும் என்பதால் ஆறாவது இடத்தை ‘எக்ஸ்’ நிரப்புகிறது. இரண்டு காதும் கிழிந்திருந்தால் எஸ்09.2-இல் இருபுறத்துக்கான தனிக் குறியீடு இல்லை. வலதுக்கும் இடதுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள்.

கேள்வி: தீபாவளியன்று என் மகனின் காதருகே வெடி வெடித்து வலது செவிப்பறை கிழிந்தது. மூன்று மாதம் பார்த்தும் மூடவில்லை, டிம்பனோபிளாஸ்டி (செவிப்பறையைச் சீரமைக்கும் அறுவை) செய்தோம். பாலிசி எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது. இந்த அறுவைக்கு 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வலது காது நடுத்துளை, டிம்பனோபிளாஸ்டி’ என்று மட்டும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: உங்கள் கோரிக்கை தோற்றது அந்தச் சம்மரியில் எழுதப்படாத ஒரு வரியால்தான் என்று நினைக்கிறேன். 2020-இல் வந்த ஆரோக்ய சஞ்சீவனி உட்படப் பல பாலிசிகளில் டிம்பனோபிளாஸ்டிக்கு 24 மாதக் காத்திருப்பு இருப்பது உண்மை. ஆனால் அதே பிரிவில், விபத்தினால் எழும் கோரிக்கைக்கு இந்த விலக்கு பொருந்தாது என்ற வாசகமும் இருக்கிறது. உங்கள் பாலிசி ஆவணத்தில் அந்தப் பக்கத்தை எடுத்து அடிக்கோடிடுங்கள். சம்மரியைப் படிப்பவருக்கு அது வெடியால் வந்த துளையா, பல வருடங்களாகச் சீழ் வடிந்து வந்த துளையா என்பது தெரியவில்லை; தெரியாதபோது அவர் நோய் என்றே எடுத்துக்கொள்கிறார்.

சம்மரியைத் திருத்தி எழுதும்படி மருத்துவரை வற்புறுத்த வேண்டாம். தீபாவளி இரவில் போட்ட புறநோயாளிச் சீட்டு, அப்போது எடுத்த ஆடியோகிராம் (கேட்கும் திறன் பரிசோதனை), இடையில் காட்டிய சீட்டுகள் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்குங்கள். பிறகு, அறுவைக்கு முன் மருத்துவமனை எழுதிய கேஸ் ஷீட்டின் நகலைக் கேளுங்கள். வெடி பற்றி நீங்கள் சொன்னது பெரும்பாலும் அதில் இருக்கும். நோயாளியோ அவர் சார்பில் உரிமை பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. அதில் உள்ளதன் அடிப்படையில், ‘பட்டாசு வெடித்ததால் ஏற்பட்டு, மூடாமல் நிலைத்த துளைக்காக அறுவை செய்யப்பட்டது’ என்று அறுவை மருத்துவர் தேதியிட்ட கூடுதல் குறிப்பு தருவது முறையானதே. இவற்றோடு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, சென்னையிலேயே உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பயன்படுகிறது. அதில் அடிபட்ட கிழிசல் என்றால் எஸ்09.2 என்பதோடு முடிந்துவிடும். வலது, இடது என்ற பிரிவு கிடையாது. அமெரிக்கப் பதிப்பில் வெடியதிர்ச்சியால் ஏற்பட்ட காதுக் காயம் எஸ்09.31 என்று தனியாக உண்டு, அங்கே எஸ்09.2 போடுவது பிழை. இரண்டு பதிப்பிலும் பட்டாசுக்கு டபிள்யூ39 இருக்கிறது. நம் ஊரில் குறியீடு பக்கத்தைச் சொல்லாததால், எந்தக் காது என்பதைச் சொற்களில் எழுதுவதை மருத்துவர்கள் தவிர்க்கவே கூடாது. வெடியதிர்ச்சி உட்செவியையும் தாக்கக்கூடியது. ஆகையால் துளை மூடிவிட்டதென்று நிம்மதியடையாமல், மகனுக்கு இன்னொரு முறை ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: கணவர் கன்னத்தில் அறைந்ததில் இடது காதில் ரத்தம் வந்தது. மருத்துவமனையில் அவரும் கூட நின்றதால் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டேன். செவிப்பறை கிழிந்திருப்பதாகச் சீட்டில் இருக்கிறது. இரண்டு வாரம் ஆகிறது, காதில் இரைச்சல் நிற்கவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் எழுதுவார்களா?
— பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: எழுதுவார்கள், சகோதரி. பயத்தில் முதலில் வேறு காரணம் சொல்வது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. பழைய குறிப்பை யாரும் அழிக்க மாட்டார்கள், அழிக்கவும் கூடாது. ஆனால் நீங்கள் இன்று சொல்வதை இன்றைய தேதியிட்டுப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியது மருத்துவரின் கடமை. கணவர் இல்லாத நேரத்தில், நம்பிக்கையானவர் ஒருவருடன், அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குச் செல்லுங்கள். மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

தாக்கப்பட்டதாகச் சொன்னவுடன் அது விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் ஏ.ஆர். என்று சொல்லும் பதிவேட்டில் ஏறும். காவல்துறைக்கும் தகவல் போகும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. அந்தப் பதிவில் ‘தெரிந்த நபர் ஒருவரால், இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், கையால் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார்’ என்ற வகையில்தான் எழுதுவார்கள். அதில் நேரம், இடம், எந்தக் கையால் எந்தப் பக்கம் அறைந்தார் என்பவை விடுபடாமல் இருக்கட்டும். புதிய கிழிசலின் ஓரங்கள் ஒழுங்கற்றும், ரத்தம் உறைந்தும் இருக்கும். பழையதன் ஓரம் வழவழப்பாகிவிடும். நாள் போகப் போக இந்த அடையாளம் மறையும் என்பதால் தள்ளிப் போடாதீர்கள். துளையின் அளவு, இடம், சீழ் இருக்கிறதா, ட்யூனிங் ஃபோர்க் பரிசோதனையின் முடிவு, ஆடியோகிராம் ஆகியவை பதிவாக வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவின்படி, ஏதேனும் ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போவது கொடுங்காயம். நிரந்தரமா என்பதை இரண்டு வாரத்தில் எவராலும் சொல்ல முடியாது. அதனால் மருத்துவர் இறுதிக் கருத்தைப் பின்னர் தருவதாக எழுதி வைக்கலாம். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அடுத்தடுத்த ஆடியோகிராம்களுக்குத் தவறாமல் போவதுதான் அந்தக் கருத்துக்கு அடிப்படையாகும். அடியால் கிழிந்த செவிப்பறைகளில் பெரும்பாலானவை சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தானாகவே மூடிவிடுகின்றன. அதுவரை காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. எண்ணெயோ, கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தோ விடக் கூடாது. மூக்கை அழுத்திச் சிந்தவும் கூடாது. தலை சுற்றலோ, முகம் ஒரு பக்கம் கோணுவதோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எந்த நேரத்திலும் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்ட பெண்ணோ அவர் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ கேட்டால் சிகிச்சை அளிக்க மருத்துவமனை கடமைப்பட்டது.

இதே நிலைமை அமெரிக்க சார்ட்டில் வந்தால் என்ன செய்வது என்று கோடர்கள் நினைக்கக்கூடும். உறுதி செய்யப்பட்ட உடல்ரீதியான வன்முறை என்று மருத்துவர் எழுதியிருந்தால் டி74.11எக்ஸ்ஏ முதலில், காயத்துக்கான எஸ்09.22எக்ஸ்ஏ அடுத்து, பிறகு தாக்குதலுக்கான ஒய்04, தாக்கியவரின் உறவைச் சொல்லும் ஒய்07. சந்தேகம் என்று மட்டும் எழுதியிருந்தால் டி76 பிரிவு. அப்போது தாக்குதல் குறியீடும் ஒய்07-உம் சேர்க்கப்படுவதில்லை. வழுக்கி விழுந்தார் என்றே குறிப்பு சொல்லுமானால், காயத்தின் தன்மை எவ்வளவு சந்தேகம் தந்தாலும், கோடர் தானாக வன்முறை என்று எழுத முடியாது.

கேள்வி: மிரிங்கோபிளாஸ்டி, டிம்பனோபிளாஸ்டி இரண்டையும் ஒரே அறுவைக் குறிப்பில் எழுதிவிடுகிறார்கள். சிகிச்சைமுறைகளுக்கான அமெரிக்கக் குறியீட்டுத் தொகுப்பான சிபிடி-யில் எதை எடுப்பது?
— வாசகி, வேளச்சேரி

பதில்: தலைப்பை விட்டுவிட்டு உள்ளே என்ன செய்தார்கள் என்று படியுங்கள். வேலை செவிப்பறையோடும் ஒட்டுத் திசு எடுத்த இடத்தோடும் நின்றுவிட்டால் அது மிரிங்கோபிளாஸ்டி, 69620. மடலைத் தூக்கி நடுச்செவிக்குள் நுழைந்து, எலும்புச் சங்கிலி அசைகிறதா என்று பார்த்து, அதை மாற்றியமைக்காமல் மூடியிருந்தால், காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பைத் தொடாதவரை, அது டிம்பனோபிளாஸ்டி, 69631. சங்கிலியையும் சீரமைத்திருந்தால் 69632, செயற்கை எலும்பு வைத்திருந்தால் 69633. காகித ஒட்டு மட்டும் வைத்து மூடியதற்கு 69610. நடுச்செவிக்குள் போனாரா என்று குறிப்பிலிருந்து தெரியவில்லை என்றால் 69631-ஐ ஊகித்துப் போடாமல் அறுவை மருத்துவரிடம் கேளுங்கள்; பக்கத்தைக் காட்டக் குறியீட்டோடு சேர்க்கும் ஆர்டி (வலது), எல்டி (இடது) மாடிஃபையரையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.